ஃப்ளிம் (ஒளிர்வு ஆயுளைப் படமாக்கும் முறை): பளிச்சென்ற செல்லில் ஆயுள் குறைகிறது, மங்கலான ஓரத்தில் கூடுகிறது. டிடெக்டர் கோளாறா?

முத்தியால்பேட்டை மாணவி:
வணக்கம். புதுச்சேரியில் ஆய்வு மாணவியாக இருக்கிறேன். ஈ.ஜி.எஃப்.பி. என்ற பச்சையாக ஒளிரும் புரோட்டீன் உள்ள செல்களில் ஒளிர்வு ஆயுளை, அதாவது லேசர் பட்ட பிறகு ஒளிர்வு மங்க எடுக்கும் நேரத்தை, அளக்கிறேன். 485 நானோமீட்டர் டையோடு லேசர், வினாடிக்கு 4 கோடி பல்ஸ். ஹைப்ரிட் டிடெக்டர், ஒவ்வொரு ஃபோட்டானும் (ஒளித்துகள்) வந்த நேரத்தைக் குறிக்கும் டி.சி.எஸ்.பி.சி. கார்டு.

கட்டுரைகளில் 2.4 முதல் 2.6 நானோ செகண்ட் வரை போட்டிருக்கிறார்கள். எனக்குப் பளிச்சென்ற செல்களில் 2.2, மங்கலான ஓரங்களில் 2.7. ஒரே புரோட்டீன், ஒரே ஸ்லைடு. திரையில் வினாடிக்கு 10 லட்சம் ஃபோட்டான் காட்டுகிறது, அதாவது பல்ஸ் எண்ணிக்கையில் 2.5 சதவீதம். 5 சதவீதத்துக்குக் கீழே இருப்பதால் பைல்-அப் (ஒரே பல்ஸில் ஃபோட்டான்கள் நெருக்கியடித்துச் சில விடுபடுவது) இல்லை என்கிறார்கள். ஃபோட்டான்கள் வந்த நேரத்தைக் காட்டும் வளைவில் உச்சிக்கு 3 நானோ செகண்ட் தள்ளி ஒரு குட்டி மேடும் தெரிகிறது. சரிபார்க்க ரோடமின் பி என்ற ஒளிரும் சாயத்தைத் தண்ணீரில் கரைத்து வைத்தேன். 1.7 வர வேண்டிய இடத்தில் 1.5 வருகிறது. டிடெக்டர் போய்விட்டது, புதிதாக வாங்க எழுதலாம் என்று ஆய்வகத்தில் பேச்சு. அவ்வளவு பணம் போடும் முன் இங்கே கேட்டுவிடலாமே என்று வந்தேன்.

மஞ்சக்குப்பம்:
தங்கச்சி, எழுதிப் போட வேண்டாம், பொறுங்கள். டிடெக்டர் மேல் பழி போடும் அளவுக்கு இதில் எதுவும் இல்லை.

திரையில் பார்ப்பது முழு ஃபிரேமின் சராசரி. உங்கள் படத்தில் பெரும்பகுதி கறுப்பாகத்தானே இருக்கும்? செல்கள் பத்தில் ஒரு பங்கு இடத்தில் இருந்தால், லேசர் அந்தப் பிக்சல்களைக் கடக்கும்போது விகிதம் வினாடிக்கு 1 கோடி. அதாவது 25 சதவீதம். பைல்-அப் நடப்பது அங்கேதான், சராசரியில் அது தெரியாது. ஒரு பல்ஸுக்கு ஒரு ஃபோட்டானைத்தான் கார்டு பதிவு செய்யும். பாண்டி பஸ் ஸ்டாண்டில் ஒவ்வொரு பேருந்திலும் முதலில் இறங்குபவரை மட்டும் குறித்துக்கொண்டால், எல்லோரும் சீக்கிரமே இறங்கிவிட்டதாகத்தான் கணக்கு வரும். அதே மாதிரி பிந்தி வரும் ஃபோட்டான்கள் விடுபட்டு, ஆயுள் குறைந்து தெரிகிறது.

மங்கலான ஓரத்தில் விஷயம் வேறு. அங்கே ஃபோட்டான் குறைவு, டார்க் கவுன்ட்டும் (ஒளியே இல்லாமல் டிடெக்டர் எண்ணுபவை) அறை வெளிச்சமும் வளைவின் வாலைத் தூக்கிவிடும். வளைவுக்குக் கோடு பொருத்தும் ஃபிட்டில் இந்தப் பின்னணியைச் சேர்த்தீர்களா? மானிட்டரை அணைத்து, கார்டில் மினுக்கும் சின்ன எல்.இ.டி.யையும் கறுப்பு டேப்பால் மூடிப் பாருங்கள்.

ரோடமின் பி பற்றி: அதன் ஆயுள் சூடு ஏற ஏறக் குறையும். அதை வெப்பமானியாகவே பயன்படுத்துகிறவர்கள் உண்டு. கத்திரி வெயிலில் ஏ.சி. இல்லாமல் வைத்தால் 1.7 வராது. ஃப்ளோரசீன் என்ற சாயத்தை 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்து வையுங்கள், 4.0 வர வேண்டும். லேசரை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஒளிப்பாதை:
மேட்டைப் பற்றி நான் சொல்கிறேன். காற்றில் ஒளி ஒரு நானோ செகண்டில் 30 செ.மீ. போகும். 3 நானோ செகண்ட் என்றால் 90 செ.மீ. அதிகப் பாதை, போய்த் திரும்பியதென்றால் 45 செ.மீ. தள்ளி ஏதோ ஒன்று பிரதிபலிக்கிறது. ஸ்கேலை எடுத்து டிடெக்டரிலிருந்து அளந்து பாருங்கள். எலெக்ட்ரிக்கல் எதிரொலியாகவும் இருக்கலாம், கேபிளில் சிக்னல் நானோ செகண்டுக்கு சுமார் 20 செ.மீ. போகும். கேபிள் நீளத்தை மாற்றும்போது உச்சிக்கும் மேட்டுக்கும் உள்ள தூரம் மாறினால் கேபிள், மாறாவிட்டால் ஒளி.

ஐ.ஆர்.எஃப்., அதாவது கருவி தானே ஒரு பல்ஸை எவ்வளவு அகலமாக்கிக் காட்டுகிறது என்ற அளவு, எடுத்தீர்களா? பொட்டாசியம் அயோடைடு நிறையக் கலந்த ஃப்ளோரசீன் போதும், கரைசல் புதிதாக இருக்கட்டும். ஹைப்ரிட்டில் அகலம் 120 பிகோ செகண்ட் (0.12 நானோ செகண்ட்) அளவில் வந்தால் உங்கள் டிடெக்டர் நன்றாகத்தான் இருக்கிறது. 2.5 நானோ செகண்டை அளக்க அது தாராளம். கட்டற்ற (புரோட்டீனோடு ஒட்டாத) என்.ஏ.டி.எச். என்ற செல் மூலக்கூறு மாதிரி 0.4 நானோ செகண்ட் சமாசாரத்துக்குப் போகும்போது பிகோ செகண்டுகளைப் பற்றிக் கவலைப்படலாம்.

செல் உயிரியல் அக்கா:
ஒரு கேள்வி. செல்கள் உயிரோடு உள்ளனவா, ஃபிக்ஸ் செய்து (ரசாயனத்தால் பதப்படுத்தி) கிளிசரால் மவுன்டிங்கில் வைத்தவையா? ஒளிவிலகல் எண் கூடினால் ஜி.எஃப்.பி.யின் ஆயுள் குறையும். அது பிழை கிடையாது, இயற்பியலே அப்படித்தான்.

முத்தியால்பேட்டை மாணவி:
அண்ணா, அக்கா, எல்லோருக்கும் மிக்க நன்றி. லேசரைக் குறைத்தேன். ஃபிரேம் சராசரி 1 லட்சம் இருக்கும்போது பளிச்சென்ற செல் 2.35க்கு ஏறியது. பின்னணியைச் சேர்த்து ஃபிட் செய்ததும் ஓரம் 2.4க்கு இறங்கியது. ஃப்ளோரசீன் 4.0 தருகிறது. ஐ.ஆர்.எஃப். 130 பிகோ செகண்ட். கேபிளை மாற்றியும் மேடு நகரவில்லை. டிடெக்டருக்கு 45 செ.மீ. முன்னால் ஒரு லென்ஸ் இருக்கிறது. அதைத் துளி சாய்த்ததும் மேடு போய்விட்டது! செல்கள் ஃபிக்ஸ் செய்தவைதான், கிளிசரால்தான். உயிருள்ள செல்களை வைத்ததும் 2.5 வந்தது.

ஒரே ஒரு சங்கடம்: இப்போது ஒரு படம் எடுக்க நேரம் இழுக்கிறது. ஒரு பிக்சலுக்கு எத்தனை ஃபோட்டான் வேண்டும்?

மஞ்சக்குப்பம்:
ஒரே ஆயுள்தான் என்றால் 1000 ஃபோட்டானுக்கு சுமார் 3 சதவீதத் துல்லியம் கிடைக்கும். 100 இருந்தால் 10 சதவீதம். பக்கத்துப் பிக்சல்களை 3க்கு 3 சேர்த்துக் கணக்கிடுங்கள், ஒன்பது மடங்கு ஃபோட்டான் கிடைக்கும், படத்தின் நுணுக்கம் கொஞ்சம் போகும். இரண்டு ஆயுள்களைப் பிரிக்க வேண்டும் என்றால் இது போதாது, அப்போது நேரம் கொடுத்தே ஆக வேண்டும். அதற்காக லேசரை மட்டும் ஏற்றிவிடாதீர்கள்.