சுழிக்கீறலா, சுழிவடுவா, வலைக்கீறலா? திங்களன்று அச்சு

கே.புதூரிலிருந்து:

கலைச்சொல் குழும நண்பர்களுக்கு வணக்கம். வண்டி பெயின்டை மெஷின் வைத்து மெருகேற்றும் குறுகிய காலப் பயிற்சிக்குத் தமிழில் பாடத்தாள் எழுதுகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரே சொல்லில் நின்றுவிட்டேன். கறுப்புக் காரை வெயிலில் நிறுத்தினால், சூரியன் பளிச்சிடும் இடத்தைச் சுற்றி வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள் தெரியுமே, அந்த ஸ்வர்ல் மார்க்தான். பட்டறைகளில் வட்டக் கோடு, பஃபிங் கோடு என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். படிக்க வருகிறவர்கள் உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்துப் பையன்கள். 'சுழிக்கீறல்' என்று போட்டுவிடலாமா?

தல்லாகுளத்திலிருந்து:

முதலில் நடுவில் 'க்' என்ற ஒற்று வருமா என்று பார்ப்போம். சுழி என்பது பெயர் என்றால் சுழிக்கீறல். வினையடி என்றால் வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு போல வல்லினம் மிகாது, சுழிகீறல். ஆனால் அப்போது கீறலே சுழிக்கிறது என்று பொருள் வந்துவிடும். சுழல்கீறல் என்றாலும் அதே கோளாறு. சுழற்கீறல் என்றே எழுத வேண்டும். என் பரிந்துரை 'சுழிவடு'. வடு பழைய சொல், பூச்சின் மேல் நன்றாக உட்காரும்.

திருமங்கலத்திலிருந்து:

> என் பரிந்துரை 'சுழிவடு'

ஐயா, வள்ளுவர் கணக்கில் ஆறாததுதான் வடு. இது ஆறும், ஆற்றிக் கொடுத்துத்தான் நான் சம்பளம் வாங்குகிறேன்.

இன்னொன்று, அந்தக் கோடுகள் வட்டமே இல்லை. எல்லாத் திசையிலும் தாறுமாறாகக் கிடக்கின்றன. வெளிச்சத்தை நம் கண்ணுக்குத் திருப்பும் வாட்டத்தில் இருப்பவை மட்டும் மின்னுவதால் வட்டம் போலத் தோன்றுகிறது. டார்ச்சை நகர்த்திப் பாருங்கள், வட்டமும் கூடவே வரும். சுழி என்று சொல்லிக் கொடுத்தால் வட்டம் தெரியும் இடத்தை மட்டும் பையன் தேய்ப்பான். மெஷினைத் தவறாகப் பிடித்தாலும் கோடு விழும், சரி. ஆனால் பெரும்பாலும் இதைப் போடுவது, புழுதி படிந்த பானெட்டைத் தண்ணீர் விடாமல் காலையில் துடைக்கும் காய்ந்த துணிதான். எனவே 'வலைக்கீறல்'. சிலந்தி வலை மாதிரி எங்கும் பரவியிருப்பது.

பாடத்தாளில் சொல்லைவிட முக்கியமாக ஒன்று வேண்டும். மெருகேற்றுவது கோட்டை நிரப்புவது அல்ல. கோட்டின் அடிமட்டம் வரை, சுற்றியுள்ள நிறமில்லாத மேல்பூச்சை (கிளியர் கோட்) சீவி இறக்குவது. பல கார்களில் அது 40, 50 மைக்ரான்தான். அதில் இரண்டு மூன்று மைக்ரான் போகலாம். ஒவ்வொரு வருடமும் இப்படிப் போக முடியாது. விளிம்பிலும் மடிப்பிலும் பூச்சு மெலிந்திருக்கும் என்பதால் அங்கே டேப் ஒட்டச் சொல்லுங்கள். பழகுவதற்குப் பழைய கதவு ஒன்று போதும். சுழன்றுகொண்டே ஆடவும் செய்யும் டூயல் ஆக்‌ஷன் மெஷின், ஃபோம் பேட், இரண்டடிக்கு இரண்டடி இடம், ஒவ்வொரு ஓட்டமும் முந்தையதில் பாதியை மூட வேண்டும். முடித்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலந்த தண்ணீரால் துடைத்துப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய்ப் பசை கோட்டில் அடைத்துக்கொண்டு, கோடே போய்விட்டது போல ஏமாற்றும்.

சிம்மக்கல்லிலிருந்து:

அலங்காநல்லூர், பாலமேடு பையன்களிடம் சுழி என்றால் மாட்டுச் சுழிதான் ஞாபகம் வரும். நல்ல சுழி, கெட்ட சுழி பார்த்துத்தான் காளைக்கு விலை பேசுவார்கள். காருக்குச் சுழி இருக்கிறது என்று யாராவது சொன்னால் வாங்க வந்தவர் நடையைக் கட்டிவிடுவார். ஸ்வர்ல் மார்க் என்றே தமிழ் எழுத்தில் எழுதுங்கள். மெருகேற்றத் தடவும் காம்பவுண்டு பசையின் டப்பாவில் அதுதான் இருக்கிறது.

தல்லாகுளத்திலிருந்து:

பிள்ளையார் சுழியும் சுழிதான், அதைப் பார்த்து யாரும் ஓடவில்லை. சுழி, சுழல், சூழ், சுற்று எல்லாம் ஓரினச் சொற்கள். சுருள், சுருக்கு, சுருட்டு ஆகியவற்றையும் இங்கே சேர்த்து ஆராய வேண்டும். டப்பாவில் இருப்பதையெல்லாம் எழுதுவது என்றால் கலைச்சொல் குழுமம் எதற்கு? அந்தக் காம்பவுண்டுக்கும் ஒரு சொல் வேண்டும்.

கே.புதூரிலிருந்து:

ஐயா, சுருட்டை விட்டுவிடுவோம். காம்பவுண்டுக்குத் 'தேய்பசை' என்று எழுதியிருக்கிறேன்.

தல்லாகுளத்திலிருந்து:

தேய்பிறை போல அதுவும் வினைத்தொகை. பசைதான் தேயும் என்று பொருள்படும். 'தேய்ப்புப்பசை' என்க.

திருமங்கலத்திலிருந்து:

பசைதான் ஐயா தேய்கிறது. பல காம்பவுண்டுகளில் உள்ள துகள் தேய்க்கத் தேய்க்க உடைந்து நுணுகிப்போகும். முதலில் வெட்டும், பிறகு பளபளப்பாக்கும். தேய்பசை என்பது தெரிந்து வைத்தது போலவே இருக்கிறது.

தல்லாகுளத்திலிருந்து:

அப்படியானால் ஏற்கிறேன்.

கே.புதூரிலிருந்து:

நன்றி, ஒன்றாவது முடிந்தது. மற்றதில் தனிமடலில் வந்தவையும் சேர்த்துச் சுழிக்கீறலுக்கே ஆதரவு கூடுதல். பலர் 'ஏதாவது ஒன்றை வைத்து முடியுங்கள்' என்றுதான் எழுதியிருக்கிறார்கள். சுழிக்கீறல் என்று போட்டு, கீழே 'வட்டம் வெளிச்சத்தால் தெரிவது. தேய்க்க வேண்டியது பேனல் முழுவதும்' என்று ஒரு வரி சேர்க்கிறேன்.

திருமங்கலத்திலிருந்து:

கீழே ஒரு வரி விளக்கம் வேண்டுமென்றால் அது எப்படிச் சரியான சொல்? என் பட்டறையில் வலைக்கீறல்தான். இருக்கட்டும், ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி மெஷின் விட்டுப் போகும் நிழல் மாதிரியான கோட்டுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்? அதை ஹாலோகிராம் என்கிறார்கள்.

கே.புதூரிலிருந்து:

அதைத் தயவுசெய்து திங்கட்கிழமைக்குப் பிறகு தனி இழையில் தொடங்குங்கள்.