ரேடியேட்டரில் காற்று இறக்கப் போனவர்களின் அனுபவங்கள்

ரெடிங், இங்கிலாந்து:

போன ஜனவரியில் ஒரு ராத்திரி, வெளியே மைனஸ் 4. பாப்பா தூங்கும் அறையில் மட்டும் குளிர் அடங்கவில்லை. சுவரோரம் நிற்கும் ரேடியேட்டரை, அதாவது பாய்லரிலிருந்து வரும் சுடுதண்ணீர் ஓடி அறையைச் சூடாக்கும் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். கீழே கை சுடுகிறது, மேல் விளிம்பு பானைத் தண்ணீர் மாதிரி ஜில்லென்று இருக்கிறது. உள்ளே காற்று அடைத்திருப்பதற்கு இதுதான் அடையாளம். காற்று மேலே ஏறி உட்கார்ந்துகொண்டால் சுடுதண்ணீர் அந்த இடத்துக்கு வர வழியில்லை.

பழைய சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்போமே, கிட்டத்தட்ட அதே போன்ற பித்தளைச் சாவிதான் இதற்கும். ரேடியேட்டரின் மேல் மூலையில் ஒரு சின்னச் சதுர முனை இருக்கும். அதில் சாவியைப் பொருத்தி, அடியில் பழைய துண்டைப் பிடித்துக்கொண்டு, இடப்பக்கமாகக் கால் சுற்றுத் திருப்பினேன். ஸ்ஸ் என்று காற்று வந்தது. கொஞ்ச நேரத்தில் துப்பித் துப்பித் தண்ணீர், அப்புறம் ஒரே சீரான ஒழுக்கு. உடனே மூடிவிட்டேன். பத்து நிமிஷத்தில் மேல் விளிம்பு வரைக்கும் சூடு ஏறியது. அந்தச் சந்தோஷத்தில் வீட்டில் இருந்த ஏழு ரேடியேட்டரையும் வரிசையாகத் திறந்து மூடினேன்.

இதில் இரண்டு தப்பு செய்தேன். ஒன்று, ஹீட்டிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே திறந்தது. தண்ணீர் கையைப் பொசுக்கிவிடும் என்பது ஒரு பக்கம். பம்ப் ஓடும்போது வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளவும் கூடும். நிறுத்திவிட்டு, ஆறிய பிறகுதான் சாவியை எடுக்க வேண்டும்.

இரண்டாவது தப்பு விடிகாலையில் தெரிந்தது. வீடு முழுக்கக் குளிர், பாய்லர் நின்றுபோயிருந்தது. பாப்பாவுக்கு இரண்டு ஸ்வெட்டர் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, முப்பது வருஷமாக இங்கேயே இருக்கும் அண்ணா ஒருவருக்குப் போன் செய்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "காத்தை எறக்கினீங்க சரி, முள்ளைப் பாத்தீங்களா தம்பி?"

பாய்லரின் முன்பக்கம் இருக்கும் பிரஷர் முள்ளைத்தான் சொன்னார். அது 0.3-இல் கிடந்தது. எங்கள் வீட்டில் இருப்பது காம்பி பாய்லர், குழாய்த் தண்ணீரையும் ரேடியேட்டர் தண்ணீரையும் ஒன்றே சூடாக்கும். ரேடியேட்டர் பக்கம், தண்ணீர் வெளியே போகாத மூடிய சுற்று. வெளியே விட்ட காற்றுக்கும் தண்ணீருக்கும் ஈடாக உள்ளே எதுவும் தானாக வராது, பிரஷர் இறங்கிவிடும். ஆறிய நிலையில் முள் 1-க்கும் 1.5-க்கும் நடுவே இருக்க வேண்டும். எங்களுடையதில் பாய்லருக்கு அடியில் வெள்ளிக் கம்பி பின்னிய குழாய் ஒன்றும், அதன் இரு முனையிலும் திருகும் இருந்தன. அண்ணா போனில் சொல்லச் சொல்ல இரண்டையும் மெதுவாகத் திறந்தேன். தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டது. முள் 1.3-க்கு வந்ததும் இரண்டையும் இறுக்கி மூடினேன். ஒன்றை மறந்துவிட்டால் பிரஷர் ஏறிக்கொண்டே போய், 3-ஐத் தொடும்போது பாதுகாப்பு வால்வு திறந்து வெளிச்சுவர்க் குழாய் வழியாகத் தண்ணீர் கொட்டும் என்றும் எச்சரித்தார்.

அதற்குப் பிறகு எந்த ரேடியேட்டர் மக்கர் செய்தாலும் சாவியைத் தேடுவதற்கு முன் கையை வைத்து மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்க்கிறேன். ஹாலில் இருப்பது மேலே சூடாகவும் கீழே நடுவில் மட்டும் குளிர்ந்தும் இருந்தது. அது காற்று இல்லை, அடியில் தங்கிய இரும்புத் துருச் சேறு. சாவியால் அதற்கு ஒன்றும் ஆகாது. ஆள் வைத்து அலசியபோது வந்த தண்ணீர் மை போலக் கறுப்பாக இருந்தது. அதன் பிறகு துருப்பிடிக்காமல் இருக்க ஒரு மருந்து ஊற்றி, காந்த வடிகட்டியும் போட்டுக்கொண்டோம்.

டோர்ட்முண்ட், ஜெர்மனி:

நாங்கள் இருப்பது கடைசி மாடி. வீட்டுக்கென்று பாய்லர் இல்லை, முழுக் கட்டிடத்துக்கும் நிலவறையில் ஒன்றுதான். எங்கள் ஹைற்சுங்கில், அதுதான் ரேடியேட்டரில், இரண்டு கிழமைக்கு ஒருதரம் கொளகொள என்று தண்ணி ஓடும் சத்தம். நானும் ஒவ்வொரு தரமும் காற்றைத் திறந்து விடுவேன், திரும்பவும் வரும். கடைசியில் கட்டிடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹவுஸ்மைஸ்டரோடு கதைத்தேன். அவர் கீழே போய்ப் பார்த்தால் அழுத்தம் குறைந்து கிடக்கிறது. தண்ணி விட்டு நிரப்பினார், சத்தம் நின்றுவிட்டது. அழுத்தம் குறைந்தால் முதலில் அடிபடுவது மேல்மாடிக்காரர்தான். வாடகை வீட்டில் காற்று விட்டால் ஹவுஸ்மைஸ்டருக்கு ஒரு சொல் சொல்லி வையுங்கள்.

இன்னொன்று. கோடை முழுக்கப் பூட்டி வைத்திருந்த குசினி ரேடியேட்டர், குளிர் தொடங்கியபோது முழுதாகவே சூடாகவில்லை. மேலே இருக்கிற, சூட்டைக் கூட்டிக் குறைக்க எண் போட்ட தெர்மோஸ்டாட் தலையைக் கழற்றினால் உள்ளே ஒரு சின்ன ஊசி நிற்கும். அமத்தினால் உள்ளே போய்த் தானாகத் திரும்பி வர வேண்டும். எங்களுடையது உள்ளேயே இறுகிப்போய் நின்றது. பக்கவாட்டில் ஆறுதலாகத் தட்டி, கொஞ்சம் எண்ணெய் விட, மேலே வந்துவிட்டது. குறட்டால் பிடித்து இழுக்காதீர்கள், ஊசி கையோடு வந்தால் தண்ணி பீறிடும். இப்போது கோடையில் தலையை 5-இல் திறந்தே விடுகிறேன். குளிர்காலத்தில் 3 போதும், அது ஏறத்தாழ 20 பாகை. 5-இல் வைத்தால் கெதியாகச் சூடாகும் என்று என் மனைவி நம்பியிருந்தா. அறை எவ்வளவு சூட்டில் நிற்க வேண்டும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது.

ஜெர்சி சிட்டி, அமெரிக்கா:

இங்கே பழைய அபார்ட்மென்ட்டில் இருப்பவர்கள் மேலே சொன்னதை அப்படியே செய்துவிடாதீர்கள். முதலில் உங்களுடையது தண்ணீரா, நீராவியா என்று பாருங்கள். எங்களுடையது ஒற்றைக் குழாய் நீராவி ரேடியேட்டர். காற்று போக ஒரு பக்கத்தில் சின்ன வென்ட் இருக்கிறது, அது தானாகவே திறந்து மூடிக்கொள்ளும். சாவிக்கு வேலையே இல்லை.

எங்கள் தொல்லை சத்தம். ராத்திரி இரண்டு மணிக்குக் குழாயைச் சுத்தியலால் அடிப்பது போல டங் டங். அதிகச் சூட்டைக் குறைக்கலாம் என்று நான் வால்வைப் பாதி மூடி வைத்திருந்தேன். நீராவி வரும் அதே குழாயில்தான் குளிர்ந்த தண்ணீரும் திரும்பிப் போக வேண்டும். பாதி மூடினால் தண்ணீர் தேங்கும், வரும் நீராவி அதைத் தூக்கி அடிக்கும். முழுக்கத் திற, இல்லை முழுக்க மூடு. ரேடியேட்டர் வால்வு பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. வால்வுக்கு எதிர்முனைக் காலுக்கு அடியில் ஒரு மெல்லிய மரத்துண்டு வைத்தோம். அன்றிலிருந்து சத்தம் இல்லை.

ரெடிங், இங்கிலாந்து:

டோர்ட்முண்ட் அண்ணா அழுத்தம் பற்றிச் சொன்னதைப் படித்துவிட்டு நானும் ஞாயிறுதோறும் முள்ளைப் பார்த்து எழுதி வைத்தேன். நாலு வாரத்தில் 1.3-இலிருந்து 0.9. ஒவ்வொரு வால்வுக்கு அடியிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றி வைத்தேன். குளியலறை ரேடியேட்டரின் நட்டில் பச்சைப் பூச்சாகப் படிந்திருந்ததைச் சோப்புக் கறை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். காலையில் அங்கே வைத்த பேப்பர் மட்டும் நனைந்திருந்தது. அரைச் சுற்று இறுக்கி, பிரஷரைத் திரும்ப 1.3-க்கு ஏற்றினேன். இந்த ஞாயிறும் முள் 1.3-இல்தான் நிற்கிறது.