ஒரு நுரையீரலுக்கு மட்டும் காற்று கொடுக்கும் வென்டிலேஷனில் அழுத்தம் எகிறுகிறது, உதவி தேவை

ஊட்டிக்குளிர்: நாளை காலை இன்னொரு டிகார்டிகேஷன் (நுரையீரல் மேல் படிந்த தடித்த உறையை உரிக்கும் அறுவை) இருக்கிறது, அதற்குள் யாராவது சொல்லுங்கள். போன கேஸ் பெண், 70 கிலோ, இடது டபுள் லூமன் டியூப் (இரண்டு நுரையீரலுக்கும் தனித்தனிக் குழல் உள்ளது). ஒரு பக்கத்துக்கு மாறியதுமே பீக் பிரஷர் (மூச்சுக் குழாயின் உச்ச அழுத்தம்) 38, ரத்த ஆக்சிஜன் சேச்சுரேஷன் 91. ஒரு மூச்சுக்கு, கிலோவுக்கு 6 மிலிதான் வைத்தேன். மறுநாள் எக்ஸ்ரேயில் காற்று வாங்கிய நுரையீரல் வெள்ளையாகப் படர்ந்திருந்தது.

காட்டேரி: எந்தப் பக்க அறுவை? பீப் (மூச்சு விட்ட முடிவிலும் நுரையீரலில் நிறுத்தும் அழுத்தம்) எவ்வளவு? நோயாளியின் உயரம்?

ஈரோடு மயக்கர்: என்னைக் கேட்டால் டியூப் நகர்ந்திருக்கும். ஒருக்களித்துப் படுக்க வைத்த பிறகு மறுபடி ஸ்கோப் (மூச்சுக் குழாய்க்குள் பார்க்கும் கருவி) போட்டீர்களா? டியூபின் நீல கஃப்பின் (ஊதும் வளையம்) விளிம்பு, மூச்சுக் குழாய் இரண்டாகப் பிரியும் இடமான கரினாவுக்குக் கீழே லேசாகத் தெரிய வேண்டும்.

பழையவர்: முதலாமாண்டு பாடம் இது. டபுள் லூமனில் குழல் குறுகல், பீக் ஏறத்தான் செய்யும். மூச்சு உள்ளே போனதும் ஒரு கணம் நிறுத்தி (பாஸ்), நுரையீரலில் உள்ள அழுத்தமான பிளாட்டோவைப் பார்க்கத் தெரியாதவர்கள் எல்லாம் மார்பு அறுவைக்கு ஏன் வருகிறார்கள்?

காட்டேரி: சார், அவர் உதவி கேட்டு வந்திருக்கிறார். உயரத்தைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. உடம்பு பெருத்தால் நுரையீரல் பெருக்காது. உயரத்தை வைத்துப் போடும் கணக்கு எடை: பெண்ணுக்கு 45.5 + 0.91 × (உயரம் செ.மீ. − 152.4), ஆணுக்கு 45.5க்குப் பதில் 50. அதில் வரும் கிலோவுக்கு 4 முதல் 6 மிலி, பீப் 5லிருந்து தொடங்கலாம். கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் ஏறினால் ஏறட்டும்.

நீலமலை: ஊர் உயரத்தையும் பாருங்கள். ஊட்டி 2240 மீட்டர், காற்றழுத்தம் 600 மிமீக்கும் கீழே. கோவையில் கொடுக்கும் 60 சதவீத ஆக்சிஜன் இங்கே அதே பலன் தராது.

ஈரோடு மயக்கர்: அதற்கும் பிரஷர் ஏறுவதற்கும் என்ன சம்பந்தம்?

நீலமலை: 91க்குச் சம்பந்தம் உண்டே. டெஸ்ஃப்ளூரேன் என்ற மயக்க வாயுவின் டயலைக்கூட மலையில் கூட்டித்தான் வைக்க வேண்டும். இன்னொரு மயக்க வாயுவான செவோவுக்கு (செவோஃப்ளூரேன்) அந்தத் தொல்லை இல்லை.

பழையவர்: செவோவும் வேண்டாம். காற்று போகாத பக்கத்தில் ரத்தக் குழாய் சுருங்குவதை வாயு மயக்கம் கெடுக்கும். நரம்பில் ஏற்றும் மயக்க மருந்தான ப்ரோபோஃபால் ஓட்டுங்கள்.

ஈரோடு மயக்கர்: வாயுவை 1 மேக்குக்குள் (மயக்க வாயுவின் அளவுகோல்) வைத்தால் பெரிய வித்தியாசம் இல்லை சார். இதைப் பலமுறை பேசியாயிற்று.

பழையவர்: பேசியது நீங்கள்தான்.

ஊட்டிக்குளிர்: உயரம் 148. பீப் வைக்கவில்லை.

காட்டேரி: அப்படியென்றால் கணக்கு எடை 41.5 கிலோ. நீங்கள் கொடுத்த 420 மிலி, கிலோவுக்கு 10ஐத் தாண்டுகிறது. அதுவும் ஒற்றை நுரையீரலுக்கு! 200ஐ ஒட்டி இருந்திருக்க வேண்டும்.

ஊட்டிக்குளிர்: நேற்று சொன்ன டிகார்டிகேஷன் இன்று முடிந்தது. ஆள் ஆண், உயரம் 165. 300 மிலி, பீப் 5, பிளாட்டோ 22. வார்டுக்குப் போய்விட்டார். நன்றி.

ஈரோடு மயக்கர்: நல்லது. ஸ்கோப்பில் டியூபைப் பார்த்தீர்களா இல்லையா?