முதல் போட் எடுக்கிறது: இப்பவா, சித்திரை வரைக்கும் பொறுக்கிறதா?

குருநகர் பொடியன்

அண்ணைமாருக்கு வணக்கம். இவ்வளவு காலமும் மற்றவையின்ர போட்டில பங்குக்குத்தான் தொழிலுக்குப் போறன். இனிச் சொந்தமா ஒண்டு எடுப்பம் எண்டு நிக்கிறன். பெரிய கடல் இல்லை, நண்டு வலைதான். மண்டைதீவு, ஊர்காவற்றுறை எண்டு யாழ்ப்பாணத் தீவுப் பக்கம் போய் வாறதுக்கு.

இப்ப வாங்க ஆளில்லாமல் கரையில நிறைய போட் கவிட்டுக் கிடக்கு. வடமராட்சியில ஒருத்தர் 18 அடி பைபர் போட்டும் 25 குதிரைவலு எஞ்சினும் வலையோட சேத்துக் குடுக்கிறார். வெளிநாடு போற அலுவலாம். ஐப்பசியில சொன்ன விலையை நான் கேக்காமலே மார்கழியில இறக்கிட்டார். அதுதான் யோசனை. இன்னும் பொறுத்தால் இன்னும் இறங்குமோ? இல்லாட்டி போட்டை மட்டும் எடுத்துப் புது எஞ்சின் போடுறதோ? காசில பாதி என்ர சேமிப்பு, மிச்சம் அம்மாவின்ர நகையை அடகு வைக்கிறதுதான். பழைய போட்டில என்னத்தைப் பாக்க வேணும் எண்டும் சொல்லுங்கோ.

வாடைக்காத்து

தம்பி, இந்தக் காலத்தில வடமராட்சியில போட் மலிவா வாறது புதினமில்லை. வாடை, அதுதான் வடகிழக்குக் காத்து, தொடங்கினால் பருத்தித்துறை, வல்வெட்டித்துறைக் கரையில கடல் அடிச்சுக்கொண்டு நிக்கும். கிழமைக்கணக்கில தொழில் இல்லை. காசு தேவைப்படுறவன் அப்பதான் விப்பான். தை கழிஞ்சு கடல் படுத்தவுடன அதே ஆள் "யோசிச்சுச் சொல்லுறன்" எண்டுவார்.

உங்கட பக்கம் மறுவளம். சோளகம், தென்மேற்குக் காத்து, தொடங்கினால் தீவுப் பக்கம்தான் கொந்தளிக்கும், எங்கட கரை அடங்கிக் கிடக்கும். அதால வாடைக்க எங்கட பக்கம் வாங்குறதும், சோளகத்துக்க தீவுப் பக்கம் பாக்கிறதும் தான் வழக்கம். ஊர்காவற்றுறையில இப்ப போய்க் கேட்டால் இந்த விலை சொல்ல மாட்டினம்.

சித்திரை வரைக்கும் பொறுக்கிறது பிழை. சித்திரை (ஏப்ரல்) 15 தொடங்கி ஆனி (யூன்) 14 வரை, 61 நாளும் தமிழ்நாட்டு ரோலருக்கு, எங்கட வலையை அறுக்கிற இழுவைப் படகுக்கு, தடை. அந்த ரெண்டு மாசம்தான் எங்கட வலை பயமில்லாமல் கடலில கிடக்கிற காலம். பங்குனிக் கடைசியில எல்லாரும் போட் தேடுவினம், நீரும் அவையோட வரிசையில நிக்க வேணும்.

காரைநகர் கரையோரம்

அண்ணை சொல்லுற பருவக் கணக்கு சரி. ஆனால் சந்தை படுத்துக் கிடக்கிறது வாடையால மட்டுமில்லை. 2022 ஆவணியில மண்ணெண்ணெய் 87 ரூபாவில இருந்து ஒரேயடியா 340க்குப் போனது. அண்டைக்கு விட்டவன் பலபேர் திரும்பத் தொழிலுக்கு வரேல்லை. திங்கள், புதன், சனி ரோலர் வருமெண்டு வலை விடாமல் இருக்கிறதும் உங்களுக்குத் தெரியும். 2017இல இழுவை மடியை எங்கட சட்டத்திலயே தடை செய்தவை, கடலில என்ன மாறினது? பொடியள் வெளிநாடு போகப் போகக் கரையில போட் கூடும், வாங்க ஆள் குறையும். இந்த விலை அடுத்த வாடைக்கும் இருக்கும். நகையை அடகு வைச்சு அவசரப்பட வேண்டாம் எண்டது என்ர கருத்து.

வாடைக்காத்து

அடுத்த வாடைக்கும் இருக்கும், ஓம். அதுக்கிடையில அந்தப் பொடியன் ஒரு வருசம் பங்குக்குப் போக வேணுமே. போட்டுக்கும் எஞ்சினுக்கும் எண்டு முதலாளி எடுக்கிற பங்கை ஒருக்காக் கூட்டிப் பாரும்.

எஞ்சின் பாஸ்

எப்ப வாங்குறது எண்டதை விட, வந்த சாமானைப் பாக்கத் தெரியாமல் போறதுதான் ஆளைக் கவுக்கும். கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேணும்.

முதல் கேள்வி: எஞ்சின் எடுத்த வருசம் என்ன? 2022க்கு முதல் எடுத்ததெண்டால் டொலர் 200 ரூபாய் அளவிலயோ அதுக்குக் கீழயோ இருந்த காலத்துச் சாமான், அவர் இன்னும் இறங்கலாம். அதுக்குப் பிறகு எடுத்தவர் குடுத்த காசை நினைச்சுக்கொண்டு இருப்பார், இறங்க மாட்டார். புது எஞ்சின் விலையைக் கரையில போட் கிடக்கிறதைப் பாத்துக் கணக்குப் போடாதையும். அது வெளியில இருந்து வாறது, டொலரோடதான் ஏறி இறங்கும்.

அடுத்தது அது பெற்றோல் எஞ்சினா, மண்ணெண்ணெய்க்கெண்டே வந்ததா? மண்ணெண்ணெய் எஞ்சின் பெற்றோலில ஸ்ராட் பண்ணி, சூடானவுடன மாத்தி, நிப்பாட்ட முதல் திரும்பப் பெற்றோலுக்கு வாறது. செலவைப் பாத்துப் பெற்றோல் எஞ்சினுக்க மண்ணெண்ணெய் கலந்து ஓடியிருப்பினம். பிளக்கைக் கழட்டிப் பாரும். கரி அப்பியிருந்தால் அதைக் கேளும், முகத்தைப் பாத்தாலே விளங்கும். கையோட சிலிண்டர் அழுத்தம் காட்டுற கொம்பிறசன் மீற்றர் போட்டுப் பாருங்கோ. ரெண்டு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்ட வேணும். ஒண்டு பத்து வீதத்துக்கு மேல குறைஞ்சால் தலை கழட்டாமல் விலை பேசாதையும்.

கீழ கியர் பெட்டி எண்ணெய் ஆணியைக் கொஞ்சம் தளத்திவிடும். பால்தேத்தண்ணி மாதிரி வந்தால் சீலுக்கால தண்ணி போயிருக்கு. மூடியைத் தூக்கிப் பாக்கேக்க உள்ள உப்புப் பூத்து, ஆணிமட்டும் புதுசா இருந்தால் எஞ்சின் ஒருக்காக் கடலுக்க விழுந்து எழும்பினதா இருக்கும். அதை எவ்வளவு மலிவெண்டாலும் விட்டிடும். உள்ள பெயரிங்கில கறள் பிடிச்சிட்டால் எப்ப இறுகுமெண்டு ஒருத்தருக்கும் தெரியாது.

போட்டில பாக்க வேண்டியது எஞ்சின் பூட்டுற பின்பலகை. பைபருக்க உள்ள மரப்பலகை தண்ணி குடிச்சு உக்கிப்போகும், வெளியில பெயின்ற் அடிச்சால் தெரியாது. எஞ்சினை மேல தூக்கி விட்டு, அதின்ர கீழ்க்காலில பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டும். பலகை கூட அசைஞ்சால் உள்ள ஒண்டுமில்லை. சுத்தியல் பிடியால தட்டிக்கொண்டு போனால் நல்ல இடம் கணீரெண்டும், உக்கின இடம் பொத்தெண்டும் கேக்கும்.

இன்னொண்டு. நண்டுக்கு ஏன் 25? நீர் போற இடத்தில முழங்கால் தண்ணியும் சாதாழையும் (கடற்புல்). தண்ணி இழுக்கிற ஓட்டையைச் சாதாழை அடைச்சால் தண்ணியைச் சுத்தி ஏத்துற இம்பெல்லர் போய் எஞ்சின் சூடாகும். 15 போதும், எண்ணெயும் மிச்சம். 15 போடுறதெண்டால் பின்பலகை உயரத்தை அளந்து பாரும். 15 அங்குலமெண்டால் கால் கட்டையான சோட் சாவ்ற், 20 எண்டால் கால் நீண்ட லோங். மாறிப் போட்டால் ஒண்டில் காத்துக் குடிக்கும், இல்லாட்டி மண் கிண்டும்.

சங்கத்து ஆள்

கடதாசியைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. போட் கடற்றொழில் திணைக்களத்தில விக்கிறவரின்ர பேரிலதான் பதிஞ்சிருக்கா, அணியத்தில (முன்பக்கத்தில) எழுதின நம்பரும் புத்தகத்து நம்பரும் ஒண்டா, இந்த வருசத்து அனுமதிப்பத்திரம் எடுத்திருக்கா எண்டு பாருங்கள். எஞ்சின் நம்பரை நீங்களே கையால எழுதி எடுங்கள், அவர் வாசிச்சுச் சொல்ல வேண்டாம். பேர் மாத்த ரெண்டு பக்கத்துக் கடற்றொழிலாளர் சங்கக் கடிதமும் கேக்கலாம். அவர் வெளிநாடு போற ஆள் எண்டபடியால் போக முதல் கையெழுத்து வாங்க வேணும். பிளைற் ஏறினாப் பிறகு நேவி மறிச்சுக் கேட்டால் போட் உங்கட எண்டு காட்ட ஒண்டும் இராது.

குருநகர் பொடியன்

நன்றி அண்ணைமார். நேற்றுப் போய்ப் பாத்தனான். எஞ்சின் 2019இல எடுத்தது. கியர் எண்ணெய் வெள்ளையாத்தான் வந்தது. அவர் "மழைத்தண்ணி தம்பி" எண்டார். பின்பலகை அசையேல்லை, ஆனால் இடது மூலையில ஒரு சாண் இடம் பொத்தெண்டு கேட்டது. கடதாசி எல்லாம் அவரின்ர பேரில. எஞ்சினில்லாமல் போட்டும் வலையும் மட்டும் எண்டால் என்ன விலை எண்டு கேட்டன். முதல் மாட்டன் எண்டவர், பிறகு தை பிறக்க முதல் சொல்லுறன் எண்டு நிக்கிறார். அப்பிடி எடுத்தால் நகை அடகுக்குப் போகத் தேவையில்லை, எஞ்சினை மட்டும் பிறகு பாக்கலாம்.

எஞ்சின் பாஸ்

மழைத்தண்ணி கியர் பெட்டிக்க போகாது. மூலையை வெட்டிப் பலகை மாத்திப் பைபர் அடிக்கலாம், ஆனால் மழை விட்டு நல்லாக் காய வேணும். மாசியில செய்தால் பங்குனிக்கு இறக்கலாம். அந்த வேலைக்கூலியைப் போட்டு விலையில கழிச்சுத்தான் கேக்க வேணும்.

காரைநகர் கரையோரம்

எஞ்சினில்லாமல் எண்டால் எனக்கும் சம்மதம். எங்கட பக்கம் ஒரு 15 நிக்குது, சோட் சாவ்ற். பலகையை அளந்திட்டுச் சொல்லும்.

குருநகர் பொடியன்

15 அங்குலம்தான் அண்ணை. எந்த வருசத்து எஞ்சின்?