ஜார்ஜ் டவுன் நீல மாளிகையில் தங்கியவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. தைப்பூசத்தை ஒட்டி அம்மாவுடன் பினாங்கு போகிறேன். 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஜார்ஜ் டவுன் பழைய தெருக்களுக்குள்ளேயே தங்க ஆசை. லீத் தெருவிலுள்ள சியோங் ஃபாட் சே மாளிகை மீதுதான் கண். அவுரி நீலச் சுவர்கள், வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள், பீங்கான் கிண்ணங்களைச் சில்லுசில்லாக நறுக்கி ஒட்டிச் செய்த பூக்களும் பறவைகளும்! படம் பார்த்தே பாதி மயங்கிவிட்டேன்.

சிக்கல் அம்மாவின் முழங்கால். தரைத்தள அறை கேட்டால் கொடுப்பார்களா? முற்றத்துப் பக்கம் நல்லதா, தெருப் பக்கமா? வெளியாட்களுக்கும் மாளிகையைச் சுற்றிக் காட்டுகிறார்களே, அந்த நேரத்தில் அறையில் நிம்மதியாகப் படுக்க முடியுமா? அம்மாவுக்குப் பகல் தூக்கம் கெட்டால் அன்றைய பயணம் அவ்வளவுதான்.

ஆர்மீனியன் தெருவில் நிஜ சைக்கிளைப் பதித்து 2012-இல் வரைந்த பிள்ளைகள் ஓவியத்தையும் அவருக்குக் காட்ட வேண்டும். அங்கே டாக்சி தெருவுக்குள் போகுமா?

தயவுசெய்து கடற்கரைப் பெரிய ஓட்டல்களைப் பரிந்துரைக்க வேண்டாம். வெள்ளைச் சுவரும் அச்சடித்த படமும் எந்த ஊரிலும் கிடைக்கும். இதே பகுதியில், படி குறைவாக, பழைய கடைவீட்டை விடுதியாக்கிய இடம் தெரிந்தால் எழுதுங்கள். தைப்பூச வாரத்து வாடகை நிலவரமும் சொன்னால் உடனே முன்பதிவு செய்துவிடுவேன்.