ஃபியூசர் தேய்ந்து உங்களைப் படுத்தியதுண்டா? – அனுபவப் பகிர்வு

கோப்பறை:
லேசர் பிரிண்டரில் அச்சுப் பொடியைச் சூட்டாலும் அழுத்தத்தாலும் தாளில் ஒட்டவைக்கும் பாகம்தான் ஃபியூசர். அது தேய்ந்தது என்றாலே பலரும் தாள் சிக்கிய கதையையே சொல்வார்கள். எங்கள் பிரிண்டரில் ஒரு தாள்கூடச் சிக்கவில்லை. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அச்சு கருகருவென்று அழகாகவே வந்துகொண்டிருந்தது. ஓய்வூதிய ஆணை வாங்கிச் சென்ற பெரியவர் ஒருவர் சில வாரங்கள் கழித்துத் திரும்பி வந்து, நான்காக மடித்திருந்த தாளை என் மேசையில் விரித்தார். மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்தே இல்லை. அவருடைய பதிவு எண் இருந்த வரி அது. "நான் எதையும் அழிக்கவில்லை அம்மா" என்று சொல்லி, சட்டைப் பையை வெளியே இழுத்து உள்பக்கம் கறுத்திருந்ததைக் காட்டினார். தவறு யாருடையதோ, விளக்கம் சொல்லிக்கொண்டு நின்றவர் அவர். எனக்கு இன்னும் ஆறவில்லை.

பொடி இருக்கும் கார்ட்ரிட்ஜை மாற்றச் சொன்னார்கள், மாற்றினோம். மீண்டும் அதே நிலை. விரலால் தேய்த்தால் இடது ஓரத்தில் மட்டும் பொடி கையோடு வந்தது. வலது பக்கம் கல்லில் பொறித்ததுபோல் நின்றது. ஃபியூசரை மாற்றிய அன்றே சரியாகிவிட்டது. அதற்கு முன்னால் வெளியே போன ஆணைகள் யார் யார் பையில் உதிர்ந்துகொண்டிருக்கின்றனவோ!

ஸ்குரூடிரைவர்:
நான் சர்வீஸ் வேலை செய்கிறேன். எனக்கு மறக்காதது ஒரு கீச்சொலி. பல மாடி அலுவலகம், கூடத்தின் மூலையில் பிரிண்டர். ஒவ்வொரு தாளுக்கும் உள்ளே ஏதோ முனகியது. அங்கிருந்தவர்களுக்கு அந்தச் சத்தம் பழகிப்போயிருந்தது. பின்கதவைத் திறந்து, ஆறும்வரை காத்திருந்து ஃபியூசரை வெளியே எடுத்தேன். பீங்கான் ஹீட்டரைச் சுற்றி ஓடும் மெல்லிய ஃபிலிம் ஓரத்தில் கிழிந்து, சுருண்டு, அடியில் இருந்த கிரீஸ் கருகிக் கட்டியாகிக் கிடந்தது. அந்தக் கிழிசல் பட்ட இடமெல்லாம் தாளில் எழுத்து ஒட்டாமல் ஒரு பட்டையாகத் தெரிந்தது. கிரீஸ் வற்றும்போதே முனகல் தொடங்கிவிடும். அப்போதே கூப்பிட்டிருந்தால் ஃபிலிம் கிழியும் அளவுக்குப் போயிருக்காது.

மைப்பொடி:
கோப்பறை, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் பொடி உதிர்ந்தால் ஃபியூசர்தான் என்று படிப்பவர்கள் முடிவு கட்டிவிடக் கூடாது. டோனர் எனப்படும் இந்த அச்சுப் பொடி நிறமேற்றிய பிளாஸ்டிக் பொடி. ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் அது உருகி, அழுத்தத்தால் தாளின் இழைக்குள் இறங்க வேண்டும். ஒவ்வொரு மாடலின் பொடிக்கும் உருகும் சூடு ஒன்றல்ல. கார்ட்ரிட்ஜில் வேறு மாடலின் பொடியை நிரப்பினால் நல்ல ஃபியூசரும் தோற்றுப்போகும். எங்கள் அலுவலகத்தில் நடந்தது அதுதான்: புது ஃபியூசர் போட்டும் எழுத்து உதிர்ந்தது, பொடியை மாற்றியதும் நின்றது.

இன்னும் சில சொல்கிறேன். தடித்த தாளோ சொரசொரப்பான தாளோ வைத்தால், அமைப்பில் தாளின் வகையையும் மாற்றுங்கள். அப்போதுதான் பிரிண்டர் வேகத்தைக் குறைத்தோ சூட்டைக் கூட்டியோ அச்சிடும். ஈரம் ஏறிய தாள் சூட்டின் ஒரு பகுதியைத் தானே விழுங்கிவிடும். தாள் கட்டைப் பிரித்துப்போட்டு வைக்காதீர்கள். சாதாரண யு.பி.எஸ்.ஸில் லேசர் பிரிண்டரை மாட்டாதீர்கள். ஃபியூசர் சூடேறும் நொடியில் இழுக்கும் மின்சாரத்தை அது தாங்காது. புது ஃபியூசர் வாங்கும்போது 110 வோல்ட்டா 220 வோல்ட்டா என்று பாருங்கள். ஒரே மாடலுக்கு இரண்டும் வருகின்றன.

கோப்பறை:
மைப்பொடி, பொடிதான் காரணம் என்றால் தாள் முழுவதும் உதிர்ந்திருக்க வேண்டாமா? எங்களுக்கு இடது ஓரம் மட்டும்தான். தாளும் ஒரே கட்டு, பொடியும் ஒரே பொடி.

ஸ்குரூடிரைவர்:
கோப்பறை சொல்வது சரி. ஒரு பக்கம் மட்டும் உதிர்ந்தால் அந்தப் பக்கம் அழுத்தமோ சூடோ குறைந்திருக்கிறது என்று பொருள். தாளைச் சூட்டோடு சேர்த்து அழுத்தும் உருளையான பிரஷர் ரோலரின் ரப்பர் ஒரு முனையில் தேய்ந்திருக்கும், அல்லது அதை அழுத்தும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும்.

இரவுப்பணி:
என்னுடையது சிறிய கதைதான். மறுநாள் காலைக் கூட்டத்துக்கான அறிக்கை, நள்ளிரவு தாண்டிவிட்டது. எந்தத் தாளைத் தொட்டாலும் கை கறுக்கிறது. ஃபியூசர் போய்விட்டது என்று எல்லோரும் கைவிட்டுவிட்டார்கள். என்னுடன் இருந்த இளைய ஊழியர் பின்கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். இரு பக்கமும் இரண்டு பச்சை நெம்புகோல்கள் கீழே இறங்கியிருந்தன. கடித உறை அச்சிடும்போது சுருக்கம் விழாமலிருக்க அழுத்தத்தைத் தளர்த்தும் நெம்புகோல்கள் அவை. பகலில் யாரோ உறை அச்சிட்டுவிட்டு அப்படியே விட்டிருக்கிறார்கள். மேலே தூக்கினார், "டக்" என்றது, அடுத்த தாளில் நகத்தால் சுரண்டினாலும் எழுத்து வரவில்லை. அந்த "டக்" சத்தத்தைப்போல் நிம்மதி தந்த ஒலியை நான் கேட்டதில்லை.

நீலத்தாள்:
எங்களுக்கு உதிரவில்லை, பேய் வந்தது. மேலே அச்சான தலைப்பு கீழே மங்கலாக இன்னொரு முறை விழுந்தது. சம்பளப் பட்டியலில் ஒருவர் பெயருக்கு மேல் மற்றொருவர் பெயர் நிழலாகக் கிடந்ததைப் பார்த்து மேலாளர் திகைத்து நின்ற முகம் கண்ணிலேயே இருக்கிறது. அளவுகோல் வைத்து அளந்தோம். உருளை ஒரு சுற்று சுற்றி வந்ததும்தான் நிழல் விழும்; 94 மில்லிமீட்டர் இடைவெளி என்றால் 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை, சுற்றளவுக் கணக்குதான். ஆனால் அந்த அளவில் எங்கள் பிரிண்டரில் இருந்தது பொடியை எழுத்து வடிவில் தாங்கித் தாளுக்குக் கொண்டுவரும் டிரம், ஃபியூசர் உருளை அல்ல! மைப்பொடி சொல்லும் எச்சரிக்கை எனக்கும் உடன்பாடுதான்.

ஸ்குரூடிரைவர்:
அளந்து பார்த்தீர்களே, அதுதான் வேலை. அளவுகோல் இல்லையென்றால், தாள் பாதி வழியில் இருக்கும்போது மூடியைத் திறந்து நிறுத்துங்கள். ஃபியூசருக்குள் நுழையாத பகுதியிலேயே நிழல் இருந்தால் டிரம் பக்கம் தேடுங்கள். அங்கே சுத்தமாக இருந்து, ஃபியூசரைத் தாண்டிய பகுதியில் மட்டும் நிழல் விழுந்தால் ஃபியூசர். இன்னொன்று: அச்சிடும்போது கழன்று ஃபியூசர் உருளையில் ஒட்டிக்கொண்ட லேபிளைக் கத்தியால் சுரண்டி எடுத்த ஃபியூசர்கள் என்னிடம் நிறைய வந்திருக்கின்றன. மேற்பூச்சில் விழுந்த கீறல் பிறகு ஒவ்வொரு தாளிலும் கோடாக வரும். அப்படி வந்தவற்றில் ஒன்றைக்கூட என்னால் மீட்க முடிந்ததில்லை.