115 வோல்ட் பழைய கம்ப்யூட்டரை 230-க்கு மாற்றியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

என்னிடம் வந்தது எண்பதுகளின் பிசி ஒன்று. லேபிளில் 115 வோல்ட் மட்டும்தான், பின்னால் வோல்டேஜ் சுவிட்சும் கிடையாது. பவர் சப்ளையைத் திறந்தால் போர்டில் சுவிட்சுக்கான துளைகள் இருந்தன. அதில் ஒரு துண்டுக் கம்பியைப் பற்றவைத்திருந்தார்கள்.

எல்லாமே அந்தக் கம்பியில்தான் இருக்கிறது. ஏசி லைன் ஒன்றை இரண்டு பெரிய கெபாசிட்டர்களின் நடுப்புள்ளியில் அது சேர்க்கிறது. ஒவ்வொரு அரைச்சுற்றுக்கும் ஒரு கெபாசிட்டர் சுமார் 160 வோல்ட் ஏறும், இரண்டும் சேர்ந்தால் 320. கம்பியை எடுத்துவிட்டால் அதே டயோடுகள் ஏசியை டிசி ஆக்கும் சாதாரண பிரிட்ஜ் ஆகிவிடும்; 230 ஏசியிலிருந்து 325 வோல்ட் டிசி கிடைக்கும். பின்னால் உள்ள சர்க்யூட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். கம்பி இருக்கும்போதே 230-இல் செருகினால் 650-ஐ நோக்கி ஏறும், 200 வோல்ட் கெபாசிட்டர் வெடிக்கும்.

கம்பியை வெட்டியதும் வேலை முடிந்தது என்று சொல்பவர்களோடு நான் உடன்படவே மாட்டேன். 115-இல் இரண்டு கெபாசிட்டரும் தனித்தனியாக சார்ஜ் ஆகின்றன. 230-இல் அவை சீரிஸ், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக. வோல்டேஜ் சமமாகப் பிரியக் குறுக்கே இருக்கும் ரெசிஸ்டர்களைத்தான் நம்பியிருக்கின்றன. என் போர்டில் அதில் ஒன்று ஓப்பன், உள்ளே இணைப்பு அறுந்திருந்தது. அப்படியே ஓட்டியிருந்தால் ஒரு கெபாசிட்டர் தாங்க முடியாத பங்கைச் சுமந்திருக்கும். கெபாசிட்டர் இரண்டையும் ரெசிஸ்டர் இரண்டையும் ஜோடியாகவே மாற்றினேன். மெயின்ஸ் குறுக்கே இருந்த, திடீர் வோல்டேஜ் ஏற்றத்தைத் தடுக்கும் வேரிஸ்டர் 130 வோல்ட்டுக்கானது, அதுவும் வெடிப்பு விட்டிருந்த ஃபில்டர் கெபாசிட்டரும் போய் 275 வோல்ட் ஏசி தாங்குபவை வந்தன. கரன்ட் பாதியாகும் என்பதால் ஃபியூஸும் பாதி.

முதல் முறை கரன்ட்டைக் கட்டுப்படுத்த மெயின்ஸில் சீரிஸாக வைத்த ஒரு பல்ப் வழியாகத்தான் கொடுத்தேன், 5 வோல்ட் லைனில் லோடு வைத்து. பல்ப் ஒரு கணம் எரிந்து மங்கியது. பிளக்கை எடுத்த பிறகும் கெபாசிட்டரில் சார்ஜ் நிற்கும், மீட்டரில் பார்க்காமல் தயவுசெய்து கை வைக்காதீர்கள்.

* * *

மேலே உள்ளது எஸ்எம்பிஎஸ் எனும் ஸ்விட்ச் மோடு பவர் சப்ளைக்குப் பொருந்தும். நான் எடுத்தது எண்பதுகளின் வீட்டுக் கம்ப்யூட்டரான கமடோர் 64. அதன் 120 வோல்ட் அடாப்டரில் இருப்பது இரும்பு டிரான்ஸ்ஃபார்மர். மெயின்ஸ் பக்கமான பிரைமரி ஒரே வைண்டிங், மாற்ற எதுவும் இல்லை. அதே 5 வோல்ட் டிசியும் 9 வோல்ட் ஏசியும் தரும் 230 வோல்ட் அடாப்டரைப் போட்டேன்.

பலர் கவனிக்காதது ஒன்று: அந்த 9 வோல்ட் ஏசியின் துடிப்பை எண்ணித்தான் சிஐஏ எனும் உள்ளீடு-வெளியீட்டு சிப்பில் உள்ள கடிகாரம் ஓடுகிறது. 60 ஹெர்ட்ஸ் என்று நினைத்திருக்கும் புரோகிராம் 50 ஹெர்ட்ஸில் மணிக்கு 10 நிமிடம் பின்தங்கும். சிப்பில் அதற்கென்றே ஒரு பிட் உண்டு, மாற்றினால் சரியாகிவிடும்.

* * *

டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியில் இரண்டு 115 வோல்ட் வைண்டிங் இருந்தால் வழி இருக்கிறது. பேரலலாக இருப்பதை சீரிஸ் ஆக்கினால் 230. முனைகளின் திசையை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். தலைகீழாக இணைத்தால் ஒன்றையொன்று ரத்துசெய்து ஷார்ட் போலக் கரன்ட் இழுக்கும். நான் பார்த்த மினி கம்ப்யூட்டரில் ஃபேன்களும் 115 வோல்ட் ஏசி. ஒரே மாதிரியான இரண்டு என்பதால் அவற்றையும் சீரிஸில் விடலாம்தான், ஆனால் ஒன்று எரிந்தால் மற்றதும் நிற்கும். 230 வோல்ட் ஃபேன்களையே வாங்கிப் போட்டேன்.